சீசியம் ரிப்போர்ட்டைப் படிக்கிறது எப்படி? 133, 134, 135, 137 நாலையும் பிரிச்சுப் பாக்கலாம் வாங்க

மண்ணோ மீனோ பாலோ எதையாவது டெஸ்ட் பண்ணி "சீசியம் இருக்கு" அப்டின்னு ஒரு ரிப்போர்ட் வந்தா நிறைய பேர் அந்த ஒரு வரியைப் பாத்துட்டே பயந்துடுறாங்க, இல்லன்னா நம்பர் சின்னதா இருக்கேன்னு தூக்கிப் போட்டுடுறாங்க. ரெண்டுமே தப்பு. எந்த சீசியம், எந்த தேதிக்கு எடுத்த அளவு, கூட வேற எந்த ஐசோடோப் (ஒரே தனிமம், அணுவோட எடை மட்டும் வேற) இருக்கு, இந்த மூணு கேள்விக்கும் பதில் தெரிஞ்சாதான் அந்த நம்பருக்கு அர்த்தமே வரும். பதில் தெரிஞ்சுட்டா அந்த சீசியம் அணுகுண்டுல பிறந்ததா அணு உலையில பிறந்ததா, எத்தனை வருஷத்துக்கு முன்னாடி வெளிய வந்துச்சு, இது எல்லாத்தையும் ஒரு சாதாரண கால்குலேட்டர் வச்சே நீங்க கண்டுபிடிச்சுடலாம். நான் காலேஜ் லேப்ல காமா ஸ்பெக்ட்ரோமீட்டர் (காமா கதிரை எனர்ஜி வாரியாப் பிரிச்சு எண்ணுற கருவி) பிராக்டிகல் பாத்துக்கறவன், வருஷா வருஷம் பசங்களுக்கு இதைத்தான் சொல்லித் தரேன், அதை அப்படியே இங்க எழுதுறேன்.

முதல்ல ஆளுங்களைத் தெரிஞ்சுக்கோங்க

சீசியம்னா 55 புரோட்டான். நியூட்ரான் எண்ணிக்கை மாற மாற ஐசோடோப் மாறும், இதுவரைக்கும் 40 வாக்குல கண்டுபிடிச்சிருக்காங்க, ஆனா முக்கால்வாசி செகண்டுலயோ நிமிஷத்துலயோ செத்துப்போற வகை, அதெல்லாம் நமக்கு வேண்டாம்.

இயற்கையில இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான், சீசியம்-133. 55 புரோட்டான், 78 நியூட்ரான், கதிர்வீச்சே கிடையாது. 1860ல பன்சனும் கிர்ச்சாஃபும் ஜெர்மனியில டுர்க்ஹைம் ஊத்துத் தண்ணியைக் காய்ச்சி வத்த வச்சு ஸ்பெக்ட்ரோஸ்கோப்ல பாத்தப்போ ரெண்டு நீலக் கோடு தெரிஞ்சுதே, அது இந்த 133தான். இன்னைக்கு உங்க போன்ல ஓடுற நேரத்துக்கும் இதுதான் அடிப்படை, 1967ல இருந்து ஒரு செகண்டுன்னா என்னன்னு சொல்றதே சீசியம்-133 அணுவோட 9,192,631,770 அதிர்வுங்கற கணக்குலதான். அதனால யாராவது "சீசியமா, ஐயோ விஷம் கதிர்"னு சொன்னா முதல்ல "எந்த நம்பர்?"னு கேளுங்க.

கதிர் வீசுற கூட்டத்துல முக்கியமானது மூணு. 134க்கு அரை ஆயுள், அதாவது இருக்கறதுல பாதி சிதைஞ்சு போற நேரம், 2 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல, சரியா 2.065 வருஷம். 137க்கு 30 வருஷத்துக்கு ஒரு துளி மேல, நான் கணக்குக்கு 30.08னு வச்சுக்கறேன். 135க்கு பத்து லட்சம் வருஷத்துக்கும் மேல. இதுபோக 136னு ஒண்ணு இருக்கு, 13 நாள்தான், விபத்து நடந்த முதல் ரெண்டு மூணு மாசத்துக்குள்ள எடுத்த சாம்பிள்ல மட்டும்தான் தெரியும். 131னு ஒண்ணு, 9.7 நாள், அது பேரியத்தை உலையில வச்சு அதுல இருந்து எடுக்கறது, புரோஸ்டேட் கேன்சருக்கு அரிசி மாதிரி சின்ன விதையா உள்ள வைக்கறாங்க, அதோட கதிர் 30 கேஇவி (கதிரோட எனர்ஜியை அளக்கற அலகு) சுத்துல இருக்கற எக்ஸ்ரேதான், திசுவுக்குள்ளயே கிட்டத்துலயே நின்னுடும். உங்க மண் ரிப்போர்ட்ல அது வராது.

எப்படிப் பிறந்துச்சுன்னு தெரியாம மேல போகாதீங்க

இந்தப் பகுதியைத்தான் பசங்க ஸ்கிப் பண்ணுவாங்க, ஆனா மொத்த விஷயத்தோட சாவியே இங்கதான் இருக்கு.

யுரேனியம் பிளக்கும்போது நேரா சீசியமா வர்றது கொஞ்சம்தான், பெரும்பாலும் டெல்லூரியம், அயோடின், செனான்னு வந்து ஒவ்வொண்ணா பீட்டா சிதைவுல (ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறி ஒரு எலக்ட்ரானை வெளிய விடறது) படி ஏறி சீசியத்துக்கு வரும். நிறை எண் 137 உள்ள வரிசையில அயோடின்-137 சில செகண்ட்ல செனான்-137 ஆகும், அது நாலு நிமிஷத்துக்குள்ள பாதி சீசியம்-137 ஆயிடும். தடையே இல்லாத பாதை. அதனால 100 பிளவு நடந்தா ஆறு சொச்சம் சீசியம்-137 கிடைக்கும், குண்டா இருந்தாலும் உலையா இருந்தாலும்.

134 அப்படி இல்ல. 134 வரிசையில படி ஏறி வந்தா செனான்-134ல நின்னுடும், அது நிலையான அணு, மேல சிதையாது, சீசியம்-134க்கு வழியே அடைச்சுப் போச்சு. அப்போ சீசியம்-134 எங்கிருந்து வருது? 133 வரிசை அயோடின்-133, செனான்-133 வழியா சீசியம்-133 வரைக்கும் வந்து நிக்கும், அந்த சீசியம்-133 உலைக்குள்ளயே மாசக்கணக்கா வருஷக்கணக்கா உக்காந்திருக்கும்போது ஒரு நியூட்ரானை முழுங்கும், 134 ஆயிடும். செனான்-133க்கு அரை ஆயுளே 5 நாளுக்கு மேல, அதனால இந்த வேலைக்கு நேரம் வேணும், பொறுமையா எரியற எரிபொருள் வேணும். அணுகுண்டுல எல்லாம் கண் இமைக்கறதுக்குள்ள முடிஞ்சுடுது, அங்க சீசியம்-133 உருவாகி நியூட்ரானுக்காகக் காத்திருக்க ஏது நேரம்.

அதனால 134 கணிசமா தெரிஞ்சா அது உலையில இருந்து வந்தது, அதுவும் சமீபத்துல வந்தது. 137 மட்டும் தனியா இருந்தா ஒண்ணு பழைய குண்டுச் சோதனைத் தூசி, இல்ல ரொம்ப வருஷம் ஆன உலைக் கசிவு, இல்ல ஆஸ்பத்திரி, ஃபேக்டரியில இருந்து தொலைஞ்ச சோர்ஸ்.

இன்னொண்ணும் இதுக்குள்ளயே இருக்கு. எரிபொருள் எரிய எரிய 137 நேர்க்கோட்டுல ஏறும், ஆனா 134க்கு முதல்ல 133 சேரணும் அப்புறம் நியூட்ரான் படணும்னு ரெண்டு வேலை இருக்கறதால அது கிட்டத்தட்ட எரிஞ்ச அளவோட வர்க்கமா ஏறும். அதனால 134க்கும் 137க்கும் உள்ள விகிதம் எரிபொருள் எவ்ளோ நாள் உள்ள கிடந்துச்சுன்னும் சொல்லும். 1986 ஏப்ரல்ல செர்னோபில்ல வெளிய வந்தப்போ அந்த விகிதம் பாதிக்குக் கொஞ்சம் மேல, 2011 மார்ச்ல ஃபுகுஷிமாவுல கிட்டத்தட்ட 1. ஃபுகுஷிமாவுலயே முதல் உலையில இருந்து வந்தது 1க்குக் கொஞ்சம் கீழ, ரெண்டு மூணுல இருந்து வந்தது கொஞ்சம் மேல, அந்தச் சின்ன வித்தியாசத்தை வச்சே எந்த ஊர் மண்ணுல எந்த உலைத் தூசி விழுந்துச்சுன்னு ஜப்பான்ல பிரிச்சுப் பாத்திருக்காங்க.

ஸ்பெக்ட்ரத்துல எந்த இடத்துல தேடணும்

ரிப்போர்ட்டோட ஸ்பெக்ட்ரம் படமும் (எந்த எனர்ஜியில எத்தனை கவுண்ட்னு காட்டுற வரைபடம்) இருந்தா கண்டிப்பா வாங்கிப் பாருங்க. சீசியம்-137க்கு தேட வேண்டிய இடம் 661.7 கேஇவி. உண்மையில இந்தக் காமா சீசியத்தோடது இல்ல. சீசியம்-137 பீட்டாவை விட்டுட்டு 100க்கு 94 சொச்சம் தடவை பேரியம்-137எம் அப்டிங்கற கிளர்ந்த நிலைக்குப் போகும், அதுக்கு அரை ஆயுள் 2.55 நிமிஷம், அது அடங்கும்போது விடறதுதான் இந்த 662. மொத்தமா 100 சிதைவுக்கு 85 காமா கணக்கு. லேப்ல சின்ன ஐசோடோப் ஜெனரேட்டர் இருந்தா இதைக் கண்ணால பாத்துடலாம், உப்பும் லேசா அமிலமும் கலந்த கரைசலைச் சொட்டுச் சொட்டா உள்ள விட்டு பேரியத்தை மட்டும் கழுவி எடுத்து டிடெக்டர் கிட்ட வச்சு அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை கவுண்ட் எடுங்க, பின்னணியைக் கழிச்சு லாக் போட்டு வரைஞ்சா நேர்க்கோடு இறங்கும், அதோட சரிவுல இருந்து 2.55 நிமிஷம் வரணும். பால் கறக்கற மாதிரிதான், கறந்த பிறகு கால் மணி நேரம் விட்டா மறுபடி பேரியம் ஊறிடும். ஒரு அணு இன்னொண்ணா மாறுறதை உக்காந்த இடத்துல பாக்கறதுக்கு இதைவிட நல்ல பிராக்டிகல் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

சீசியம்-134க்கு ரெண்டு முக்கியமான இடம், 605ம் 796ம். முதலாவது 100 சிதைவுக்கு 97 சொச்சம், ரெண்டாவது 85 சொச்சம். 135க்கு காமாவே கிடையாது, வெறும் பலவீனமான பீட்டா, அதனால காமா ஸ்பெக்ட்ரோமீட்டர்ல எவ்ளோ நேரம் வச்சாலும் தெரியாது. ரிப்போர்ட்ல 135 இல்லன்னா மண்ணுல இல்லன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க.

இங்க ஏமாறுற இடங்கள் இருக்கு, நல்லா கவனிங்க. காலேஜ்ல இருக்கற சோடியம் அயோடைடு டிடெக்டர்ல 662 கிட்ட பீக்கோட, அதாவது வரைபடத்துல அங்க எழும்பி நிக்கற கூம்போட, அகலம் 7 சதவீதம் வாக்குல, அதாவது 46 கேஇவி. 605க்கும் 662க்கும் நடுவுல இருக்கறதே 57தான். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்கும். அது பத்தாதுன்னு 609ல பிஸ்மத்-214 இருக்கு, அது ரேடானோட பேரப்பிள்ளை, எந்த மண்ணுலயும் எந்தச் சுவத்துலயும் இருக்கும். அதைப் பாத்துட்டு "சார் 134 இருக்கு சார்"னு ஓடி வர்ற பசங்களை ஒவ்வொரு வருஷமும் பாக்கறேன். ஜெர்மேனியம் டிடெக்டர்ல பீக் அகலம் ஒண்ணரை கேஇவி வாக்குலதான், அங்க 605ம் 609ம் தெளிவா பிரிஞ்சு நிக்கும். அதனால 134 இருக்கா இல்லையான்னு சோடியம் அயோடைடை வச்சு சத்தியம் பண்ணாதீங்க.

சரி 796ஐ வச்சு உறுதி பண்ணிக்கலாம்னு நினைப்பீங்க, பொதுவா அது சரிதான், ஆனா நம்ம பக்கம் ஒரு சிக்கல் இருக்கு. தோரியம் வரிசையில ஆக்டினியம்-228 இருக்கு, அதுக்கு 795ல ஒரு சின்னக் கோடு. மணவாளக்குறிச்சி மாதிரி மோனசைட் மணல் இருக்கற கன்னியாகுமரிக் கடற்கரை மண்ணை எடுத்து எண்ணினா தோரியம் தாராளமா இருக்கும், அந்த 795 ஜெர்மேனியத்துலயே சீசியம்-134ன்னு வேஷம் போடும். இதைப் பிடிக்கறதுக்கு வழி சுலபம், 911 கேஇவியில பாருங்க. ஆக்டினியத்துக்கு 911தான் பெரிய கோடு, 795ஐவிட ஆறு மடங்கு வலுவானது. 911 உயரமா நின்னு 605 காலியா இருந்தா உங்க 796 சீசியம் இல்ல, தோரியம். 605ம் 796ம் ரெண்டும் தெரிஞ்சு, ரெண்டுல இருந்தும் தனித்தனியா கணக்குப் போட்டா ஒரே பெக்கரல் (செகண்டுக்கு எத்தனை சிதைவுங்கற அளவு) வரணும், வந்தாதான் 134.

கவுண்டை பெக்கரல் ஆக்கறது

பீக்குக்கு அடியில இருக்கற மேட்டைக் கழிச்சா வர்றது நிகர கவுண்ட். அதை நாலு விஷயத்தால வகுக்கணும்: எண்ணின செகண்ட், அந்த எனர்ஜிக்கு டிடெக்டரோட திறன் (வெளிய வர்ற காமாவுல எத்தனை பங்கைப் பிடிக்குதுங்கறது), 100 சிதைவுக்கு எத்தனை காமாங்கற பங்கு, சாம்பிளோட எடை கிலோவுல. ஒரு உதாரணம் பாத்துடலாம். அரைக் கிலோ மண்ணு, பத்து மணி நேரம் அதாவது 36,000 செகண்ட், 662ல டிடெக்டர் திறன் 2 சதவீதம், நிகர கவுண்ட் 1200. கீழ 36,000 × 0.02 × 0.851 × 0.5, வர்றது 306 சொச்சம். 1200ஐ அதால வகுத்தா கிலோவுக்கு 3.9 பெக்கரல். 1200க்கு ஸ்கொயர் ரூட் 35 வாக்குல, அதனால கவுண்ட்டால மட்டுமே 3 சதவீதம் கூடக் குறைய இருக்கும், பின்னணி நிறைய இருந்தா இன்னும் ஏறும், அதையும் பக்கத்துலயே எழுதுங்க, கூடக் குறையன்னு போடாத நம்பரை நான் நம்பறதில்ல.

134க்கு ஒரு எச்சரிக்கை. 605ம் 796ம் ஒரே சிதைவுல ஒண்ணு பின்னாடி ஒண்ணா வெளிய வர்றது, நமக்கு ரெண்டும் ஒரே நேரம்தான். சாம்பிளை டிடெக்டர் மேலயே ஒட்டி வச்சா ரெண்டையும் சேத்து முழுங்கி 1401னு ஒரு கவுண்டா காட்டிடும், 605லயும் 796லயும் கவுண்ட் குறைஞ்சு போகும். 137க்கு இந்தப் பிரச்சனை இல்ல, அது ஒத்தை காமா. அதனால திருத்தம் போடாம விட்டா 134 மட்டும் குறைஞ்சு தெரியும், விகிதம் கெட்டுப் போகும், விகிதத்தை வச்சு வயசு கணக்குப் போட்டீங்கன்னா நிஜத்தைவிட பழசுன்னு வரும். நேரம் இருந்தா சாம்பிளைத் தள்ளி வச்சு நிறைய நேரம் எண்ணுங்க, இல்லன்னா அதே டப்பாவுல தெரிஞ்ச அளவு சீசியம்-134 ஊத்தி வச்ச ஸ்டாண்டர்டோட ஒப்பிடுங்க.

தேதி இல்லாத நம்பர் நம்பரே இல்ல

லேப்ல இருக்கற பட்டன் சோர்ஸ் மேல 5 மைக்ரோகியூரின்னு போட்டிருக்கும், பக்கத்துல ஒரு தேதி இருக்கும், அந்தத் தேதியை யாரும் பாக்கறதில்ல. நான் சேர்ந்த புதுசுல ஒரு லேப்ல 25 வருஷம் பழைய சோர்ஸை லேபிள்ல இருந்த அளவையே போட்டு டிடெக்டர் திறன் கணக்குப் பண்ணி, அந்தத் திறனை வச்சு ரெண்டு பேட்ச் பசங்க ரெக்கார்டு எழுதி முடிச்சிருந்தாங்க. 5 மைக்ரோகியூரின்னா 185 கிலோபெக்கரல். 25ஐ 30.08ஆல வகுத்தா 0.831, பாதியை அத்தனை அடுக்குக்குப் போட்டா 0.562. அப்போ இருக்கறது 104 கிலோபெக்கரல்தான். திறன் பாதிக்குக் கொஞ்சம் மேலன்னு தப்பா வந்துச்சு, அதனால அப்புறம் அளந்த எல்லா சாம்பிளும் முக்கால் மடங்குக்கு மேல கூடுதலாத் தெரிஞ்சுது. எல்லாத்தையும் திருப்பிப் போட வச்சேன், அன்னைல இருந்து முதல் வரியில "எந்தத் தேதிக்கு"ன்னு எழுதாத ரெக்கார்டுல நான் கையெழுத்துப் போடறதில்ல.

விகிதத்தை வச்சு வயசு சொல்றது

இப்போதான் விஷயமே வருது. 134 வேகமா குறையும், 137 மெதுவா குறையும், அதனால ரெண்டோட விகிதம் ஒரு கடிகாரம் மாதிரி இறங்கிட்டே இருக்கும். கணக்குப் பண்ணினா இந்த விகிதம் 2.2 வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகும், துல்லியமா வேணும்னா 2.217. சாம்பிள் எடை தப்பா இருந்தாலும், சீசியம் பாதி மழையில கரைஞ்சு போயிருந்தாலும், விகிதம் மாறாது, ஏன்னா ரெண்டும் ஒரே தனிமம், மண்ணும் செடியும் மீனும் ரெண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தும். இதனாலதான் எனக்கு இந்த முறை மேல இவ்ளோ பிரியம்.

ஃபுகுஷிமாவை எடுத்துக்குங்க, 2011 மார்ச்ல விகிதம் 1. 2013 ஜூன் வாக்குல பாதி. 2015 ஆகஸ்ட்ல கால். 2017 நவம்பர்ல அரைக்கால். 2020 ஜனவரியில வீசம். உங்க கையில ஒரு பழைய ரிப்போர்ட் இருக்கு, அரிசியில 134 கிலோவுக்கு 30 பெக்கரல், 137 கிலோவுக்கு 40 பெக்கரல்னு போட்டிருக்கு, தேதி கிழிஞ்சு போச்சுன்னு வச்சுக்குவோம். விகிதம் 0.75. பாதியாக 2.217 வருஷம்னா 0.75 ஆக அதுல 0.415 பங்கு, வர்றது 0.92 வருஷம், அப்போ 2012 பிப்ரவரி வாக்குல அளந்தது. 2012 ஏப்ரல்ல இருந்து ஜப்பான்ல சாதாரண உணவுக்கு வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல், இது 134ம் 137ம் சேத்து, தனித்தனியா இல்ல. நம்ம அரிசியில மொத்தம் 70, வரம்புக்குள்ள. 137ஐ மட்டும் பாத்து 40தானேன்னு சொன்னாலும் தப்பு, ஒவ்வொண்ணுக்கும் 100 வரைக்கும் போகலாம்னு நினைச்சாலும் தப்பு.

இந்த அரிசி விஷயத்துல ஃபுகுஷிமா விவசாயிங்க செஞ்ச வேலையைச் சொல்லாம போக மனசு வரல. சீசியமும் பொட்டாசியமும் ஒரே குடும்பம், செடிக்கு வித்தியாசம் சரியாத் தெரியாது, பொட்டாசியம் பத்தலன்னா சீசியத்தை உறிஞ்சும். அதனால வயல்ல பொட்டாஷ் உரத்தை அள்ளிப் போட்டாங்க, செடிக்கு வயிறு நிறைஞ்சுது, சீசியம் மண்ணுலயே நின்னுது. 2012 அறுவடையில இருந்து அந்த மாகாணத்து மூட்டை ஒவ்வொண்ணையும், வருஷத்துக்கு ஒரு கோடி மூட்டை கிட்ட, பெல்ட்ல ஓட்டி டிடெக்டர் வழியா அனுப்பினாங்க. 2015 அறுவடையில இருந்து 100ஐத் தாண்டின மூட்டை ஒண்ணுகூட இல்ல.

134 கைரேகை மாதிரிங்கறதுக்கு இன்னொரு கேஸ். 2011 ஆகஸ்ட்ல கலிஃபோர்னியா சான் டியகோ பக்கம் பிடிச்ச புளூஃபின் சூரை மீன்ல 137ம் இருந்துச்சு, 134ம் இருந்துச்சு. 137 இருந்ததுல ஆச்சரியம் இல்ல, பசிபிக் கடல்ல 1950, 60கள்ல வெடிச்ச குண்டுங்களோட 137 இன்னும் கரைஞ்சுதான் கிடக்கு. ஆனா 134? குண்டுல பிறக்காது, செர்னோபில்லோடது 25 வருஷத்துல ஆயிரத்துல ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. அப்போ அந்த மீன் ஜப்பான் கடல்ல வளந்து பசிபிக்கை நீந்திக் கடந்து வந்துச்சுன்னு அர்த்தம். அளவு சாப்பிடறவங்களுக்கு ஆபத்து இல்லாத அளவுக்குச் சொற்பம், மீன்ல இயற்கையா இருக்கற பொட்டாசியம்-40 அதைவிட ரொம்ப அதிகம். ஆனா ஒரு மீன் எங்கிருந்து வந்துச்சுன்னு அதோட சதையே சொல்லிடுச்சு பாருங்க.

137 மட்டும் இருந்தா என்ன பண்றது

விகிதம் கிடைக்காது, ஆழத்தை வச்சுப் பாக்கணும். ஏரி அடி வண்டலைக் குழாயில எடுத்து ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டரா நறுக்கி, காய வச்சு, ஒவ்வொரு வில்லையா எண்ணுங்க. அடியில இருந்து மேல வரும்போது 137 முதல்ல தலைகாட்டுற இடம் 1950களோட முதல் பாதி. உச்சம் தொடுற இடம் 1963, ஏன்னா அந்த வருஷம்தான் வானத்துல குண்டு வெடிக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம் போட்டாங்க, அதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துல வெடிச்சுத் தள்ளினதெல்லாம் அப்போ விழுந்துச்சு. ஐரோப்பா ஏரிகள்ல அதுக்கு மேல 1986க்கு இன்னொரு உச்சம் கூரா நிக்கும். 2023ல எடுத்த வண்டல்ல 1963 உச்சம் 21 சென்டிமீட்டர்ல இருந்தா 60 வருஷத்துக்கு 21, வருஷத்துக்கு மூணரை மில்லிமீட்டர் வண்டல் சேருது. அந்த 1963 சீசியம் இன்னைக்குக் கால் பங்குதான் மிச்சம் இருக்கு, அதனால சாம்பிளை நிறைய நேரம் எண்ணணும். சீசியம் களிமண் தகடுகளோட ஓரத்துல போய் மாட்டிக்கும், சுலபமா விடாது, அதனாலதான் இந்த முறை வேலை செய்யுது, உழுத நிலத்துல மட்டும் ஏர் போற ஆழம் வரைக்கும் கலைஞ்சு ஒரே மாதிரி இருக்கும், அங்க வயசு தேடாதீங்க. ஃபிரான்ஸ்ல பழைய ஒயின் பாட்டிலைத் திறக்காமலே டிடெக்டர் மேல வச்சு 662 தேடுறாங்க, 1900ல போட்டதுன்னு லேபிள் இருந்து உள்ள 137 இருந்தா அது போலி.

கையாளும்போது

லேப்ல இருக்கற மூடின பட்டன் சோர்ஸ் ரொம்பச் சின்னது, இடுக்கியில எடுங்க, பாக்கெட்ல போடாதீங்க, வேலை முடிஞ்சதும் ஈயப் பெட்டியில வைங்க. 662 காமாவைப் பாதியாக்க ஈயம் அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல போதும். உடைஞ்சு போனதா சந்தேகம் வந்தா கூட்டாதீங்க துடைக்காதீங்க, ரூமைப் பூட்டிட்டு பொறுப்பாளரைக் கூப்பிடுங்க. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்றதுக்குக் காரணம் கோயானியா. 1987 செப்டம்பர்ல பிரேசில்ல கைவிட்டுப் போன ஒரு கிளினிக்ல இருந்த கேன்சர் மெஷினைப் பழைய இரும்புக்குன்னு கழட்டிட்டாங்க, உள்ள 50.9 டெராபெக்கரல் சீசியம்-137, குளோரைடு உப்பா, மொத்தமே 93 கிராம். இருட்டுல நீலமா மின்னுதேன்னு சொந்தக்காரங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பிரிச்சுக் குடுத்திருக்காங்க, உடம்புல பூசியிருக்காங்க. நாலு பேர் செத்துட்டாங்க, அதுல ஒண்ணு ஆறு வயசுக் குழந்தை. ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்களை ஸ்டேடியத்துல நிக்க வச்சு டெஸ்ட் பண்ணினாங்க, 249 பேர்கிட்ட இருந்துச்சு. 46 பேருக்கு பிரஷ்யன் புளூ குடுத்தாங்க, பெயின்ட்ல போடற அதே நீலம்தான், அது குடல்ல சீசியத்தைப் பிடிச்சு வெளிய தள்ளும். சும்மா விட்டா உடம்புல பாதி குறையவே பெரியவங்களுக்கு மூணு மாசம் கிட்ட ஆகும், இந்த மருந்து குடுத்தா ஒரு மாசம் வாக்குல.

அங்க கொன்னது கதிர் மட்டும் இல்ல, அது பொடியா, தண்ணியில கரையற உப்பா இருந்ததுதான். நம்ம நாட்டுல பாபா அணு ஆராய்ச்சி மையத்துல அணுக்கழிவுல இருந்து சீசியத்தைப் பிரிச்சு கண்ணாடியா உருக்கி பென்சில் மாதிரி வார்த்து ரத்தத்துக்குக் கதிர் காட்டுற மெஷினுக்குக் குடுக்கறாங்க, கண்ணாடி உடைஞ்சாலும் தூசியாப் பறக்காது, தண்ணியில கரையாது. சோர்ஸ் வாங்கறப்போ எத்தனை கியூரின்னு கேக்கறதோட என்ன ரூபத்துல இருக்குன்னும் கேளுங்க.

இனிமே 135

134 கடிகாரம் ஓடி முடியப் போகுது. ஃபுகுஷிமா விகிதம் 10 வருஷத்துல 23ல ஒரு பங்காச்சு, 20 வருஷம் முடியற 2031 மார்ச்ல 500ல ஒரு பங்கு, சாதாரண மண் சாம்பிள்ல 605ம் 796ம் பின்னணிக்குள்ள மூழ்கிடும். அதுக்கப்புறம் 137 எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்ல 135தான் வேணும், அதுக்கு காமா இல்லாததால மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல அணுக்களை எடை பாத்து எண்ணணும். சாம்பிள்ல பேரியம் துளி இருந்தாலும் பேரியம்-135ம் 137ம் அதே எடையில வந்து கெடுத்துடும், அதனால முதல்ல ரசாயனமா பேரியத்தைச் சுத்தமாப் பிரிக்கணும், பாதி உழைப்பு அங்கதான் போகும். படிக்கற விதம் பழையபடி பிறப்புக் கதைதான். 135க்கு அப்பா செனான்-135, அது நியூட்ரானை வெறி பிடிச்ச மாதிரி முழுங்கும், அதனால ஓடிட்டு இருக்கற உலைக்குள்ள அது சீசியமா சிதையறதுக்கு முன்னாடியே நிறைய செனான்-136 ஆயிடும், 135 கம்மியாத்தான் பிறக்கும். குண்டுல செனான் உருவாகும்போது நியூட்ரான் மழை எப்பவோ நின்னுருக்கும், தப்பிச்சதெல்லாம் 135 ஆயிடும். அதனால 137ஐ விட 135 தூக்கலா இருந்தா குண்டுத் தூசி, ரொம்பக் கம்மியா இருந்தா உலை.